இரண்டு தட்டு, ஒரு சுண்டு

பீங்கான் ஆலையில் அவளுக்குச் சுண்டுவதுதான் வேலை. பெட்டிக்குப் போகுமுன் ஒவ்வொரு கோப்பையையும் நகத்தால் ஒரு சுண்டு. ‘டிங்’ என்றால் நல்லது. ‘டொக்’ என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல், தூக்கிப்போட வேண்டியதுதான். ஆறு வருஷத்தில் ஒரு விரிசல்கூட அவளைத் தாண்டிப் போனதில்லை.

அந்தக் காதுக்கு எட்டு வாரமாகக் கணவனின் குரல் ‘டொக்’கென்றே கேட்டது.

“புதன்கிழமையானா அப்படி என்னங்க வேலை?”

“மீட்டிங்மா.”

சட்டைக் கையில் வெள்ளைப் பவுடர். முகர்ந்து பார்த்தாள், வாசனையே இல்லை. வாசனையில்லாத பவுடர் பூசுகிறவள் எவளாம்? ஆள்காட்டி விரல் நகம் வேறு கன்றிப்போயிருந்தது.

“இது?”

“கதவு இடுக்குல மாட்டிடுச்சு.”

“வாராவாரம் அதே விரலா? கதவுக்கு உங்க மேல அப்படி என்ன ஆசை?”

சிரித்து மழுப்பினான். அவளோ அப்பாவின் பேச்சை மீறி இவனைக் கட்டிக்கொண்டவள். மூன்று வருஷமாக அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. இவனும் இல்லையென்றால் போக்கிடம் ஏது?

அடுத்த புதன் அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஆபீஸ் விட்டதும் அவன் பின்னாலேயே போனாள். சைக்கிள் கடை மாடியில் ஏறினான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவளும் ஏறி, ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் நின்றாள்.

டக், டக். பிறகு ஒரு சுண்டு. கேரம் காய்கள் சிதறும் சத்தம்.

அந்தத் தட்டு அவளுக்குத் தெரியும். சுண்டுமுன் பலகை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுகிற ஆள் உலகத்திலேயே ஒருத்தர்தான்.

“எட்டு வாரமா தோக்கறீங்க மாப்பிள்ளை. விரல் வீங்கினதுதான் மிச்சம்.”

“நான் ஜெயிச்சா வீட்டுக்கு வரேன்னு சொன்னது நீங்க மாமா. பேச்சு மாறக்கூடாது.”

“அவகிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லி, நீங்க வராமப் போனா? அவ தாங்க மாட்டா மாமா.”

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். “எந்திரிங்க,” என்றாள் கணவனிடம். “மிச்சத்தை நான் ஆடறேன். பந்தயம் அதேதான்.”

அப்பா நிமிரவேயில்லை. பலகையில் இன்னும் கொஞ்சம் பவுடர் தூவினார்.

கடைசியில் ஆளுக்கொரு காய்தான் மிச்சம். அவருடையது குழியின் வாயிலேயே இருந்தது, ஊதினாலே விழும். டக், டக். சுண்டினார். ஸ்ட்ரைக்கர் ஒரு விரற்கடை தள்ளிப்போய்ச் சட்டத்தில் மோதித் திரும்பியது. அவள் தன் காயைப் போட்டாள்.

“வேணும்னே விட்டீங்களாப்பா?” கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டாள்.

“சேச்சே. விரல் வழுக்கிடுச்சும்மா.”

டொக். சுத்தமான விரிசல்.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அதைக் கேட்காததுபோல விட்டாள்.

“சரி சரி, எந்திரிங்க. வீட்டுக்குப் போலாம்.”