மீண்டும் வருக

நங்கைத்துறைச் சுடுகாட்டின் முன்னால் 'மீண்டும் வருக' என்று பலகை நட்ட வாரமே இறந்தவர்கள் திரும்பி வந்தார்கள். பயப்படும்படி ஒன்றும் செய்யவில்லை. காலையில் ஆற்றங்கரையோரம் நடந்தார்கள், அவ்வளவுதான். முதலில் வந்தவர் பலசரக்குக் கடை பகவதியப்பன். அவர் இறந்து இரண்டு ஆடி கழிந்திருந்தது. இடுப்பில் அதே சாரம், தோளில் அதே துவர்த்துத் துண்டு. ஓமனாவின் டீக்கடை முன்னால் நின்று, மழை உண்டுமா என்று வானத்தைப் பார்த்தார். அவர் நின்ற இடம் நனைந்தது. ஈரத்தில் சாம்பல் மணந்தது.

"அண்ணாச்சி, இருந்த காலத்துல கடைய விட்டு ஒரு எட்டு நடக்கல்ல. இப்ப என்னத்துக்கு நடப்பு?" என்றாள் ஓமனா.

"அப்போ கடைய யாரு பாத்துக்கிடுவா மக்கா?" என்றார் பகவதியப்பன்.

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். டீ ஆறியது, குறையவில்லை. அன்று வடசேரிச் சந்தையில் தக்காளி விலை ஏறியிருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் பேச்சு.

பலகை அங்கே வந்ததற்குக் காரணம் வள்ளிநாயகம். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஓய்வு பெற்ற செய்தி அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெளிநாட்டில் மனிதர்கள் ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டு வயல், சிற்றூர், பட்டணம் என்று நாள்கணக்கில் நடந்து போவதைச் செல்பேசியில் பார்த்தார். பார்த்த கையோடு 'பழையாற்று நடைவழி மன்றம்' என்ற ஒன்றை நிறுவித் தன்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார். சுருளோட்டில் தொடங்கும் நடைவழி பூதப்பாண்டி, நங்கைத்துறை, நாகர்கோவில் வழியாகச் சுசீந்திரத்தில் முடிந்தது. ஆறு அதோடு முடியவில்லை, மணக்குடியில் கடலுக்குப் போகிறது என்று சிலர் நினைவூட்டினார்கள். அந்தப் பகுதி இரண்டாம் கட்ட ஆய்வில் இருக்கிறது என்றார். முதல் கட்ட ஆய்வைக் காரில் செய்திருந்தார்; சுசீந்திரத்துக்குக் கீழே கரையில் கார் போகவில்லை. பலகைகளை வடசேரியில் ரதீஷின் கடையில் எழுதக் கொடுத்தார். ஒவ்வொரு பகுதி தொடங்கும் இடத்திலும் 'வருக', முடியும் இடத்தில் 'மீண்டும் வருக', நடுவே 'இடப்பக்கம் செல்க', 'குப்பை போடாதீர்', 'அமைதி காக்க'. நங்கைத்துறைப் பகுதி முடியும் இடத்தில் நல்ல நிழலும் சிமெண்டுத் தரையும் கூரையும் இருந்தன, திறப்பு விழாவுக்குத் தோதாக. அது சுடுகாட்டுக் கொட்டகை என்பது மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். தலைவர் பேசிக்கொண்டே இருந்ததால் சொல்ல இடம் கிடைக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் பீடி வாங்கப் போகிறவன்கூட 'போயிட்டு வாறேன்' என்றுதான் படியிறங்குவான். அந்தச் சொல் வழங்காத இடம் ஒன்றுதான், சாவு வீடு. அங்கே வருகிறவரை யாரும் 'வாருங்கோ' என்று கேட்பதில்லை; போகிறவர் 'வாறேன்' என்று சொல்வதில்லை; செத்தவரோ வாய் திறக்க வழியில்லாமல் போகிறார். இப்படியாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள் ஆற்றங்கரையில் கிடக்க, அவர்கள் தலைமாட்டில் நீல நிறத்தில் கொட்டை எழுத்தில் ஓர் அழைப்பை நட்டுவிட்டார் வள்ளிநாயகம். வராமல் என்ன செய்வார்கள்? வந்தவர்கள் பலகையில் உள்ளபடி இடப்பக்கமாகவே நடந்தார்கள், குப்பை போடவில்லை, அமைதி காத்தார்கள். உயிரோடு இருக்கும் உறுப்பினர்களில் ஒருவரும் அதுவரை அப்படி நடந்ததாகத் தகவல் இல்லை. நடந்து தங்கள் வீட்டு நடையருகே வந்ததும் நின்று, 'போயிட்டு வாறேன்' என்று சொன்னார்கள். வீட்டிலிருப்பவர்கள் 'சரி, வாருங்கோ' என்றார்கள். வாறேன் என்று சொன்னால் வந்தாக வேண்டும் என்பதால் மறுநாளும் வந்தார்கள். ஒரு மாதத்தில் ஊர் பழகிவிட்டது. பால்காரர் மணியடித்து ஒதுங்கச் சொன்னார்; அவர்களும் ஒதுங்கினார்கள்.

பழகாதவள் வடிவாம்பாள் ஒருத்திதான். வள்ளிநாயகத்தின் மனைவி. அவர்கள் வீடு கரையை ஒட்டியே இருந்தது. விடியுமுன்னே குளித்து, வாசல் தெளித்து, கேட்டைத் திறந்து வைத்து நின்றாள். அடுத்த வீட்டு நேசம்மாளின் புருசன் வந்தார். எதிர்வீட்டுக்காரரின் அம்மா வந்தாள். என்றைக்கோ ஆற்றில் போன பிள்ளைகள் தலைமுடியில் பாசியோடு வந்தன. அவள் மகன் ஹரிகுமார் மட்டும் வரவில்லை. வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு உள்ளே போய் அரிசி களைவாள். களைந்த தண்ணீரைக் கொட்ட மறந்து அப்படியே நிற்பாள். வள்ளிநாயகம் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்வார். அதே பக்கத்தை எத்தனை முறை படித்தாரோ, அவருக்கே தெரியாது.

ஹரிகுமார் சார்ஜாவில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் பெட்டி தூக்கினான். ஊர் வாசகசாலையில், அப்பாவின் பேச்சில், அவன் மேனேஜராக இருந்தான். கடைசி விடுமுறையில், "எனக்கு இனி அங்க போவாண்டாம்ப்பா" என்றான். அதற்குள் வள்ளிநாயகம் அவன் திரும்பிப் போகும் தேதியை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். பதவி உயர்வு என்று வேறு சேர்த்திருந்தார். கிளம்பிய அன்று சக்கரம் வைத்த பெட்டியோடு வாசலில் இறங்கியவன் அம்மா பக்கம் திரும்பினான், சொல்லிக்கொள்ள. காரில் உட்கார்ந்திருந்த வள்ளிநாயகம் ஹார்ன் அடித்து, "நேரமாச்சு" என்றார். அவன் சொல்லாமலே ஏறினான். அது கொரோனாவுக்கு முந்தைய மார்கழி. மறு வருடம் சின்னப் பெட்டியில் சாம்பலாக வந்தான். கன்னியாகுமரிக் கடலில் கரைத்தார்கள்.

இதற்கிடையே மன்றத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. பெரிய அதிகாரி ஒருவர் நடைவழியைப் பார்வையிட வருவதாக இருந்தது. அடையாள அட்டை இல்லாதோர் நடைவழியைப் பயன்படுத்துவது மன்றத்தின் மாண்புக்கு ஏற்றதல்ல என்று செயலாளர் சிவபிரசாத் ஒரு பக்கத்துக்குத் தீர்மானம் வாசித்தார். அடையாள அட்டை உறுப்பினர்களுக்கும் இன்னும் வரவில்லை. சுடுகாட்டுப் பலகையை அகற்றுவது என்று முடிவானது. வள்ளிநாயகம் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து, ஒன்றுமில்லாத காரியம் போல அதைச் சொன்னார்.

வடிவாம்பாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "பிடுங்குங்கோ" என்றாள். "பிடுங்கினதக் கொண்டு மணக்குடியில நடுங்கோ."

"மணக்குடியில எதுக்கு?"

"எல்லா வீட்டுக்கும் ஆளு வருகு. எம்பிள்ளை ஆத்துலயா கிடக்கான்? கடல்லயில்லா கிடக்கான்! அந்தத் தண்ணியில ஆறு எங்க வந்து சேருகுன்னு அவனுக்கு யாரு சொல்லுவா? உங்க பலகை சுசீந்திரத்தோட நின்னுட்டுல்லா?"

வள்ளிநாயகம் தொண்டையைச் சரிசெய்தார். இரண்டாம் கட்ட ஆய்வு என்று தொடங்கப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து, "சரி. நாளைக்குக் கார்ல கொண்டு போட்டுருவோம்" என்றார்.

"கார்ல வேண்டாம்" என்றாள் வடிவாம்பாள். "கார்லதான் அவனையும் கொண்டு போனியோ."

மறுநாள் இருட்டு பிரியுமுன் வள்ளிநாயகம் பலகையைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். மகன் அனுப்பிய வெள்ளை ஷூவை அன்றுதான் முதலில் போட்டார்; நடைவழி மன்றத் தலைவர் நடைவழியில் நடந்ததும் அன்றுதான். வடிவாம்பாள் மண்வெட்டியோடு பின்னால் வந்தாள். நாகர்கோவில் எல்லை வருமுன்னே பின்னால் ஏதோ சலசலப்புக் கேட்டது, நனைந்த துணி காலில் அடிக்கும் சத்தம். பலகை போகும் வழியில் இறந்தவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மீண்டும் வருக என்ற சொல் எங்கே போகிறதோ அங்கேதானே அவர்களும் போக வேண்டும்? சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவன் பின்னால் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். அதனால் வள்ளிநாயகம் பார்க்கவில்லை. தனக்குப் பின்னால் ஒரு பெருங்கூட்டம் வர வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டவர். வந்தபோது திரும்பிப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. வடிவாம்பாள் மட்டும் அடிக்கொரு தடவை திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பினாள்.

காரிலிருந்து பார்த்த ஆறு வேறு. நாகர்கோவிலில் ஆறு சாக்கடைகளை எல்லாம் வாங்கிக்கொண்டு, ஆகாயத்தாமரைக்கு அடியில் முகத்தை மூடிக்கொண்டு போனது. பாலத்தடியில் ஒரு போக்குவரத்துக் காவலர், ஊர்வலத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டார். பலகையைப் படித்தார். கூட்டத்தில் யாரையோ கண்டு தொப்பியைக் கழற்றினார். பிறகு பஸ்களை நிறுத்தி வழிவிட்டார். சுசீந்திரத்துக்குக் கீழே கரை ஒற்றையடிப் பாதையாகி, அதுவும் தாழைக்குள் போய் மறைந்தது. வெள்ளை ஷூ சேற்றில் ஒன்றும் தென்னந்தோப்பில் ஒன்றுமாகக் கழன்று போனது. எதிரே வந்த விவசாயி ஒருவர், போகிறவரை 'எங்கே' என்று கேட்கக் கூடாதென்று, "தூரமா?" என்று மட்டும் விசாரித்தார். வள்ளிநாயகத்துக்குத் தன் பதவிகளில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "பையனக் கூப்பிடப் போறோம்" என்றார்.

உப்பளங்களைத் தாண்டி மணக்குடியில் பலகையை இறக்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த யேசுரத்தினம் பலகையைப் பார்த்தார், பின்னால் உப்பளத்து வரப்பில் வரிசையாக நின்றவர்களைப் பார்த்தார்.

"சாரே, பொழி அடைச்சுக் கிடக்கு பாத்தீரா? ஆறும் கடலும் தொட்டுக்கிடாம மண்ணு மூடியிருக்கு. இதுல யாரு வர முடியும்?"

"வெட்டலாமே" என்றாள் வடிவாம்பாள், மண்வெட்டியைக் காட்டி.

யேசுரத்தினம் சிரிக்கப் போனவர் சிரிக்கவில்லை. கடலைக் கைகாட்டினார். "அம்மா, சுனாமியில எங்க ஆளுவ எத்தனையோ பேரு இதுக்குள்ள கிடக்காவ. இந்தப் பலகைய நட்டா உங்க பிள்ளை மட்டுமா வருவான்? எல்லாம் எந்திரிச்சு வருமே."

வடிவாம்பாள் மண்மேட்டில் முதல் வெட்டை வெட்டினாள். யேசுரத்தினம் மூக்கைச் சிந்தினார். ஊர்ப்பக்கம் திரும்பி, "லேய் பெனின், மண்வெட்டி இருக்கவன எல்லாம் வரச் சொல்லு" என்று கத்தினார். பிறகு வள்ளிநாயகத்திடம், "குழிய ஆழமாத் தோண்டும். கடக்காத்துக்குப் பலகை சாஞ்சிரப்பிடாது" என்றார்.

விடியும்போது பொழி திறந்தது. ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் இறங்கிப் பழுப்பாக ஒரு தடம் போட்டது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வந்தார்கள். மணக்குடிக்காரர்கள் முதலில் வந்தார்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி. அவர்களை யாரும் அழுது நிறுத்தவில்லை. கதவுகள் மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லோரும் கரையேறிய பிறகு, கடைசியாக, சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருவன் வந்தான். மணலில் சக்கரம் உருளவில்லை. பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது.

"சொல்லாமப் போனியேலே மக்கா" என்றாள் வடிவாம்பாள்.

ஹரிகுமார் அவளைப் பார்த்தான். பிறகு, வெறுங்காலில் சேறோடு நின்ற வள்ளிநாயகத்தைப் பார்த்தான். "அப்பா, இன்னைக்கும் நேரமாச்சா?"

எந்தக் கூட்டத்திலும் பேச்சுக்குத் தட்டுப்பாடு வராத மனிதர் அன்று சுருக்கமாகப் பேசினார். "இல்ல மக்கா" என்றார். "நேரம் கிடக்கு." குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார். கடல் முழுக்க அதற்குள் இருப்பது போலக் கனத்தது.

ரதீஷ் நங்கைத்துறைக்கு அதே சொற்களோடு வேறு பலகை எழுதிக் கொடுத்தார்; அந்த ஊர் இறந்தவர்கள் பழைய இடத்துக்குத் திரும்பினார்கள். பார்வையிட வந்த அதிகாரி, கரையில் இறந்துபோன தன் மாமனாரைக் கண்டதும் அரைமணி நேரம் பேசிவிட்டு, அறிக்கை எழுதாமல் போனார். நடைவழி இப்போது சுருளோட்டிலிருந்து மணக்குடி வரை. ஹரிகுமார் காலையில் பொழியில் ஏறி, ஊர் ஊராக நடந்து, வீட்டு வாசலில் நின்று, "போயிட்டு வாறேம்மா" என்கிறான். "நேரத்தே வா மக்கா" என்கிறாள் அவள். சாயங்காலம் அவன் கடலுக்குத் திரும்பும்போது சுசீந்திரம் வரை பெட்டியை வள்ளிநாயகம் சுமக்கிறார். தலைவர் பதவியைச் சிவபிரசாத் கேட்டார், கொடுத்துவிட்டார். சென்ற மாதம் டாக்டர் வள்ளிநாயகத்தின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறதே, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பையனோடு நடக்கிறேன் என்றார் வள்ளிநாயகம். டாக்டருக்கு ஹரிகுமாரைத் தெரியும். சாம்பல் கரைத்த அன்று அவரும் வந்திருந்தார். மருந்துச் சீட்டில் ஒரு மாத்திரையை அடித்துவிட்டு, 'இதையே தொடரவும்' என்று எழுதினார்.