பலாமரத்து வளைவில் டவர் போகும்

ஏற்காட்டில் மாரமங்கலம் பஸ் கிளம்ப இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. ஜன்னலோர சீட்டில் மடியில் லேப்டாப்போடு வெண்ணிலா உட்கார்ந்திருந்தாள். இயர்போனில் சென்னையிலிருந்து மேனேஜர் சந்திரசேகர்.

"ஒரு மணி நேரம்தான் வெண்ணிலா, அதுக்குள்ள தப்பு எங்கன்னு காட்டுங்க. அப்புறம் ஒண்ணாந்தேதி இங்க வந்து சேர்ற வழியப் பாருங்க. இல்லேன்னா ராஜினாமா லெட்டர் குடுத்துடுங்க."

அந்த மனுஷனைச் சொல்லியும் குற்றமில்லை. லாரி டிரைவர்கள் பயன்படுத்துகிற ஆப் அது. அதைத் தாங்குகிற சர்வர் ஆறு மாதமாகத் தினமும் மூன்று மணிக்கு மெமரி நிரம்பி, மூச்சு முட்டிப் படுத்துக்கொண்டது. மெமரி லீக், அதாவது எடுத்த இடத்தைத் திருப்பித் தராத கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும், எங்கே என்றுதான் தெரியவில்லை. ஆபீசில் யார் சோதித்தாலும் சமர்த்தாக ஓடியது. கடைசியாகப் புரோகிராமில் கை வைத்தவள் வெண்ணிலா, பழி அவள் தலையில் விழுந்தது. "டவர் போறப்பதான் சார் தப்பு நடக்குது" என்று அவள் சொன்னதற்கு, "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்" என்றான் மீட்டிங்கில் ஒருவன். அத்தனை பேரும் சிரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்குக் கண்டுபிடிக்கத் துப்பில்லை என்பதற்காக, புருஷன் தனபாலையும் ரெண்டு ஏக்கர் காப்பிக்காட்டையும் விட்டுவிட்டு, மூன்று வயது மகளோடு சென்னையில் போய் வேகணுமா?

கண்டக்டர் ஐயாக்கண்ணு ஏறினார். நான்கு சீட்டுகளில் துண்டு கிடந்தது, ஆளில்லை. கூடையோடு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "ஆளக் காணோம், துண்டு மட்டும் குந்தியிருக்குது!" என்று அத்தனையையும் எடுத்து டிரைவர் பக்கத்தில் போட்டார்.

வெண்ணிலா சிரித்துவிட்டாள். சர்வர் செய்யாத வேலை இதுதான். ஆப்பை மூடினால் டிரைவர் சொல்லிக்கொண்டு போகிறார், அவர் இடம் காலியாகும். மலைப்பாதையில் டவர் அறுந்தால் சொல்லாமலே போய்விடுவார். சர்வர் அவர் துண்டைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும். சிக்னல் வந்ததும் அவரே புது ஆளாக ஏறி இன்னொரு துண்டு போடுவார். நெட் அறுந்தே போகாத ஆபீசில் இது எப்படித் தெரியும்?

சோதனைக்கென்று ஒரு சின்ன சர்வரைத் தனியாக வைத்து, போன் நெட் வழியாக இருநூறு போலி டிரைவர்களை அதில் ஏற்றியிருந்தாள். மெமரி எவ்வளவு நிரம்புகிறது என்று திரையில் ஒரு கோடு காட்டும், சந்திரசேகர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

"அண்ணா, டவர் எங்கெங்க போகும்?"

"என்னையக் கேளுங்க அம்மிணி. பலாமரத்து வளைவுல பஸ்ஸே அலோ அலோன்னு கத்துமுங்க."

கத்தியது. சந்திரசேகரின் குரலும் பாதியில் அறுந்தது. வளைவு தாண்டியதும் அவரே கூப்பிட்டார்.

"கோடு ஏறுச்சுங்களா சார்?"

"ஏறிச்சு. தற்செயலா இருக்கும்."

"இருங்க, அடுத்தது வருது."

போன் அறுந்தபோதெல்லாம் கோடு ஒரு படி ஏறியது. அஞ்சாவது வளைவிலிருந்து அவரே எண்ண ஆரம்பித்துவிட்டார். ஒன்பதாவது தாண்டியதும் மறுபடி கூப்பிட்டார்.

"வெண்ணிலா... படுத்துடுச்சு."

"தினமும் மூணு மணிக்குப் படுக்குற மாதிரியேங்களா சார்?"

"அச்சு அசலா."

அவள் நெஞ்சுக்குள் தாரை தப்பட்டை முழங்கியது. எழுந்து நின்று ஆடலாம் போலிருந்தது. பஸ் என்று அடக்கிக்கொண்டாள்.

மாரமங்கலத்தில் பஸ் திரும்பி நின்றது. "ஊடு வந்துருச்சுங்க அம்மிணி, எறங்கலீங்களா?"

"மறுக்கா ஏற்காடு வரைக்கும் வரேனுங்கண்ணா."

தீர்வை நேற்றே எழுதி வைத்திருந்தாள். இரண்டு நிமிடம் பதில் இல்லாத துண்டை எடுத்துவிடு, அவ்வளவுதான். பஸ் நின்ற பத்து நிமிடத்தில் அதை சர்வரில் ஏற்றி, போலி டிரைவர்களை மறுபடி உள்ளே விட்டாள்.

திரும்பும் வழியிலும் அதே வளைவுகள். கோடு ஏறும், சற்று நிற்கும், தானே இறங்கும். எட்டு வளைவிலும் அப்படியே.

"நீங்க எங்கயும் வர வேணாம் வெண்ணிலா," என்றார் சந்திரசேகர். "மலையிலயே இருங்க. அன்னிக்கு மீட்டிங்ல நானும் சிரிச்சேன், அதுக்கு..."

பலாமரத்து வளைவு. பஸ் முழுக்க அலோ அலோ என்று கத்தியது. வெண்ணிலா மட்டும் கத்தவில்லை. இயர்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலில் வந்து ஒட்டுகிற பனியைப் பார்த்தபடி சிக்னலுக்குக் காத்திருந்தாள். சிக்னல் வந்தது. லேப்டாப்பில் ஏறி நின்றிருந்த கோடு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சரசரவென்று கீழே இறங்கியது.