வண்டியில் எண்ணெய் இல்லை

"தட்டுங்க அண்ணி!"

சேமு முன்னாலிருந்து சாவியைத் திருப்பிக்கொண்டே கத்தினான். ஞிலானின் கை பழக்கத்தில் முஷ்டி பிடித்து உயர்ந்துவிட்டது. ஆனால் இறங்கவில்லை. தட்ட வேண்டிய இடத்தில் லாத்திர் படுத்திருந்தார்.

நடு இருக்கையில் ஒரு பாதியை மடித்து, அதன்மேல் பின்கதவு வரை பலகை போட்டு, கபன் துணி சுற்றிய அவர் உடலை நீளவாட்டில் கிடத்தியிருந்தார்கள். மறு பாதியில் இவள் உட்கார்ந்திருந்தாள். பலகைக்கு நேர் கீழேதான் டீசல் டாங்கி, அதற்குள் பம்பு. அந்தப் பம்பு வெகுநாளாகவே சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. அவர் சாவியைத் திருப்புவார், இவள் பின்னாலிருந்து இருக்கையில் ஓங்கி ஒரு குத்து விடுவாள், அடியில் 'உர்ர்' என்று ஒரு முனகல் கேட்கும், வண்டி கிளம்பும். "என் பெண்டாட்டி கைபட்டாத்தான் இதுக்கு உறைக்குது. எனக்கும் அப்படித்தான்" என்று ஏறுகிற பயணிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

"என்ன அண்ணி, தட்டுங்களேன்!"

"எங்கடா தட்டச் சொல்றே? உங்க அண்ணன் தோள் மேலயா?"

சேமு திரும்பிப் பார்த்தான். சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

அன்று விடியும்போது தலைநகர் தக்காரில், ஆஸ்பத்திரியில் அவர் மூச்சு நின்றது. ஊரில் அவருடைய தாயின் பக்கத்திலேயே குழி வெட்டியாகிவிட்டது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று எல்லாருக்கும் சொல்லியனுப்பியாகிவிட்டது. வைகாசி வெயிலைவிடக் கொடிய வெயில். நாளைக்கு என்று தள்ளிப்போட முடியாது. பட்ட காலிலே படும் என்பது சரியாகத்தான் இருக்கிறது. தியாஜாய் ஊருக்குச் சற்று முன்னால், வெட்டவெளியில், வண்டி இருமி இருமி நின்றுவிட்டது.

ரொட்டி வண்டிக்காரன் ஒருவன் கயிறு கட்டி இழுத்துப்போய் ஒரு வேப்பமரத்தடியில் விட்டான். மரத்தடியில் தகரக் கொட்டகை. உள்ளேயிருந்து ஒரு நெட்டை ஆள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். பெயர் அன்சு பாஜி. சேமு சொன்னதைக் கேட்டுவிட்டு, வண்டிக்குள் எட்டிப் பார்த்தவன், தலையில் இருந்த குல்லாவைச் சரிசெய்துகொண்டு ஒரு துஆ ஓதினான்.

"யாரு?"

"எங்க அண்ணன். லாத்திர் சேன்."

"சேனா? அப்போ செரேரா?"

"ஆமா."

அன்சுவின் முகம் மாறியது. அவன் ஜோலா இனம், இவர்கள் செரேர் இனம். செரேருக்கும் ஜோலாவுக்கும் நம்மூர் முறைமாமன் கேலி தோற்கும்படி ஒரு கேலி முறை உண்டு. எங்கே பார்த்தாலும் இவன் அவனை அடிமை என்பான், அவன் இவனைத் திருடன் என்பான். சாவு வீட்டில்கூட அதை விடக்கூடாது, விட்டால்தான் அவமரியாதை.

"என் அடிமை! எசமான்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படிச் செத்தான்? எந்திரிக்கச் சொல்லு. நான் உத்தரவு குடுக்கலை. சாவுக்குச் சோறு ஆக்கியிருப்பாங்கன்னு மோப்பம் பிடிச்சு அவசரமாக் கிளம்பிட்டான் போல!"

விடிந்ததிலிருந்து ஞிலான் வாய் திறந்து நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டாள். இப்போது முறை அவளை இழுத்தது. பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

"எசமானாம் எசமான்! சோத்துப் பானைக்குள்ளயே பொறந்த ஜோலாத் திருட்டுப்பய. அவர் உயிரோட இருந்திருந்தா உன்னைக் கார் டயருக்குக் காத்தடிக்கக்கூடச் சேர்த்திருக்க மாட்டார்."

"பாரு, பொண்டாட்டியும் அடிமைதான், வாய் மட்டும் ராணி" என்றான் அன்சு.

ஞிலான் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் வராத அழுகை, குளிப்பாட்டும்போது வராத அழுகை, ஒரு முன்பின் தெரியாதவனின் ஏச்சில் வந்து கொட்டியது. அன்சு தடுக்கவில்லை. நன்றாக அழட்டும் என்று நின்றான்.

பிறகு சேமுவைச் சாவியைத் திருப்பச் சொல்லி, பலகைக்கு அடியில் காதை வைத்துக் கேட்டான். முனகல் இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. பம்புக்குப் போகிற ஒயரில் சோதனை விளக்கைத் தொட்டுப் பார்த்தான், எரிந்தது.

"கரண்டு போகுது, அது எந்திரிக்க மாட்டேங்குது. பம்பு செத்துப்போச்சு. மாத்தணும். இருக்கைக்குக் கீழ இருக்கு. இவரை இறக்கணும்மா."

கேலிக்காரன் இப்போது 'இவரை' என்றான். கொட்டகையிலிருந்து தன் தொழுகைப் பாயைக் கொண்டுவந்து வேப்பமர நிழலில் விரித்தான். பலகையோடு தூக்கி அதன்மேல் வைத்தார்கள். ஞிலான் தலைமாட்டில் உட்கார்ந்து முந்தானையால் ஈ ஓட்டினாள்.

"சீக்கிரம்ப்பா, அஸருக்குப் போயாகணும்" என்று வாய் சொன்னது. மனம் வேறு சொன்னது. ஊர் வாசலில் வண்டி நின்றதும் ஆண்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். குழிவரை போகப் பெண்களுக்கு வழியில்லை. அவள், கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தா அறைக்குள் போய்விட வேண்டியதுதான். ஆக, இந்த மரத்தடிதான் கடைசி. கொஞ்ச நேரம் தாமதித்தால்தான் என்ன என்று அவளுக்கு இருந்தது.

அன்சு இருக்கையைக் கழற்றினான், மூடியைத் திறந்தான், ஒயரையும் குழாய்களையும் பிடுங்கினான். பம்பை டாங்கியோடு இறுக்கியிருந்த பெரிய வளையம் மட்டும் அசையவில்லை. கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான்.

'அசையாதே' என்று ஞிலான் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். உடனே வெட்கமாக இருந்தது. அவர் தாயின் பக்கத்துக்குப் போகவேண்டியவர். அவரை வெயிலில் கெடவிட்டுத் தான் பார்த்துக்கொண்டிருப்பதா? "அல்லாஹ், நான் சொன்னதைக் கேட்காதே" என்று திருத்தி வேண்டினாள். வளையம் கிரீச்சென்று அசைந்தது.

பம்பை வெளியே எடுத்துப் பார்த்த அன்சு உச்சுக்கொட்டினான்.

"கருகிப்போயிருக்கு. டாங்கியில எண்ணெய் ஊத்தாமலே ஓட்டியிருக்கான். இது எண்ணெயிலதான் குளிரும், எண்ணெய் இல்லாட்டி வெந்துடும். ஏன், எண்ணெய்ன்னா செரேருக்கு அலர்ஜியா?"

"டாங்கி நிறைஞ்சிருந்தா ஊரே சொந்தம் கொண்டாடும்பார். அங்க கொண்டு விடு, இங்க கொண்டு விடுன்னு. இல்லேன்னு பொய் சொல்லக்கூடாதாம். அதனால எப்பவும் காலியாவே வச்சுக்குவார். வண்டியில எண்ணெய் இல்லைன்னா அது பொய்யில்லையே."

"அப்ப யாரையும் ஏத்தவே மாட்டாரா?"

"எல்லாரையும் ஏத்துவார். வண்டியில எண்ணெய் இல்லைன்னு சொல்லிட்டே கதவைத் திறந்துவிடுவார். நான் திட்டிட்டே இருப்பேன்."

அன்சு சிரிக்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் நொறுங்கிக் கிடந்த அதே ஜாதி வண்டி ஒன்றிலிருந்து வேறு பம்பைக் கழற்றி வந்தான். பேட்டரியில் தொட்டுக் காட்டினான். 'உர்ர்' என்றது. ஞிலான் சட்டென்று தலை நிமிர்ந்தாள். அதே முனகல்.

பம்பை இறக்கி, வளையத்தை இறுக்கி, குழாயில் நின்ற காற்றை எடுத்தான். சேமு சாவியைத் திருப்பினான். இரண்டு முறை இருமி, எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தார்கள். பிறகு அன்சு தன் பீப்பாயிலிருந்து டாங்கியில் எண்ணெய் ஊற்றினான். நிறுத்தாமல் ஊற்றினான்.

"போதும்ப்பா" என்றான் சேமு.

"நீ சும்மா இரு. அடிமை முதல் தடவையா வயிறு நிறைஞ்சு ஊருக்குப் போகட்டும்."

"உனக்குக் கூலி?"

"நானும் ஒருநாள் அவன் போன இடத்துக்குப் போவேன்ல, அங்க அவன்கிட்டயே வாங்கிக்கிறேன். திருட்டு செரேர், அப்பவும் எண்ணெய் இல்லைன்னுதான் சொல்லுவான்."

மூவருமாகத் தூக்கி அவரைப் பழைய இடத்தில் வைத்தார்கள். அன்சு தன் பாயை உதறி மடித்தான். மடித்ததைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். ஞிலான் தன் பாதி இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். முன்னால், டீசல் முள் அவள் ஒருநாளும் பார்த்திராத உயரத்தில் நின்றது. அஸருக்கு நேரம் இருந்தது. போய்ச் சேர்ந்துவிடலாம்.

சேமு பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினான்.

தட்ட வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. அது முஷ்டி பிடித்து உயர்ந்துவிட்டது. அதற்குள் அடியில் முனகல் கேட்டு, எஞ்சினும் கிளம்பிவிட்டது.

"புறப்படலாமா அண்ணி?"

உயர்ந்த கை மெதுவாக இறங்கி, வெள்ளைத் துணிக்கு மேல் அவர் தோளில், தூங்குகிறவரை எழுப்புவதுபோல் ஒரு தட்டுத் தட்டியது.

"புறப்படு" என்றாள்.