மூன்றாவது வரி

எனக்கு இங்கே நெட்டை என்று பெயர். சபை நடத்தும் செவிலியர் பள்ளியின் விடுதியில், இரண்டாம் மாடியில், துணி உலர்த்தும் அறைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறேன். படிப்பு முடிய நாலு மாதம்தான் பாக்கி. ஆனால் முடியுமா என்பதே இப்போது சந்தேகமாகிவிட்டது. செவிலியர் கவுன்சில் எங்கள் பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்காவிட்டால் நாற்பத்தொரு பேரின் சான்றிதழும் வெறும் காகிதம். இங்கே தங்கிப் படிக்க வாங்கிய என் விசாவும் அதோடு போய்விடும்.

சிக்கலெல்லாம் ஒரு தாளில் இருக்கிறது. வருடா வருடம் பிரார்த்தனைக் கூடத்தில் வரிசையாக நின்று உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். மொத்தம் ஐந்து வரி. நோயாளியை மதிப்பேன், அவர் ரகசியத்தைக் காப்பேன் என்று ஆரம்பித்து, மூன்றாவது வரியில் ‘இந்தச் சபையின் நம்பிக்கையே என் நம்பிக்கை’ என்று இருக்கும். நம் வீட்டில் கும்பிடுவது வேறு. இந்த வரி இருக்கிறது என்று வீட்டில் உங்கள் யாரிடமும் நான் சொன்னதே இல்லை. முதல் வருடம் அதன் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தைரியம் என்று நினைக்காதீர்கள், கை தானாகப் போய்விட்டது. எங்கள் முதல்வரான பெரிய மேடம் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். கோட்டுக்குப் பக்கத்தில் தன் சின்னக் கையெழுத்தைப் போட்டார். “இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்” என்றார். அடுத்த வருடமும் அப்படியே நடந்தது.

அந்த இரண்டாம் வருடம்தான் சுருள் போனான். முடி சுருட்டையாக இருப்பதால் அந்தப் பெயர். என் அறைத் தோழன். முதல் வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவன், அந்த முறை எல்லார் முன்னாலும் “நம்பாதத நம்பறேன்னு எழுதிக் குடுக்க மாட்டேன்” என்று தாளை மேசையில் வைத்துவிட்டான். ஒரு வாரத்தில் பெட்டி கட்ட வேண்டியதாயிற்று. துணியை மடித்துக்கொண்டே கேட்டான்: “நீ எப்படிடா போட்ட?”

“கண்ண மூடிட்டுப் போட்டேன்.”

ஒரு கோடு போதும்டா என்று சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்கத் தெரிந்தால் எனக்குக் கிடைத்த சலுகையும் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது அவன் ஏதோ கிடங்கில் பெட்டி ஏற்றுகிறான். அந்த வரியைக் கட்டாயமாக்குகிறார்கள் என்று கவுன்சிலுக்குப் புகார் எழுதியதும் அவன்தான்.

நேற்றுக் காலை விசாரணை அதிகாரி வந்தார். கூடத்தில் எங்கள் முன்னாலேயே பெரிய மேடம் அவரிடம் சொன்னார்: “மருந்தும் மாத்திரையும் எல்லா இடத்துலயும் ஒண்ணுதான் சார். ஆனா இத நாங்க எதுக்காக ஆரம்பிச்சோம்னு சொல்லிக்க எங்களுக்கும் உரிமை வேணும்ல?” அதிகாரி, “வேணும்தாம்மா. வேற நம்பிக்கை இருக்கறவனுக்கும் வேணும்” என்றார். இரண்டும் எனக்குச் சரியாகத்தான் பட்டது.

மாணவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். வராண்டாவில் என்னோடு ஒரே வார்டில் பயிற்சி செய்யும் குள்ளி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். “நெட்டை, எதையாவது உளறி எங்க வயித்துல மண்ணள்ளிப் போட்டுடாத.” கதவுக்குப் பக்கத்தில் நின்ற மேடம் அதைக் கேட்டுவிட்டார். “எனக்காக ஒண்ணும் சொல்லாதப்பா. நடந்தத மட்டும் சொல்லு” என்றார். பொய் சொல்லச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

உள்ளே மேசையில் என் தாள் இருந்தது.

“இந்தக் கோடு யார் போட்டது தம்பி?”

“நான்தான் சார்.”

“பக்கத்துல முதல்வர் ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்காங்க. அப்ப கட்டாயம் இல்லன்னு ஆகுது. நல்ல விஷயம். இப்படி அடிக்கலாம்னு எல்லாருக்கும் தெரியுமா?”

தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாற்பத்தொரு பேரும் கரையேறிவிடுவோம். சுருள் ஒருத்தன்தான் வீம்புக்குச் சண்டை போட்டவன் என்று ஆகிவிடுவான். அதிகாரி தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

“தெரியாது சார். எனக்கு மட்டும்தான்.”

“புகார் குடுத்த பையனுக்கு?”

“அவனுக்கும் தெரியாது. நான் சொல்லல.”

அதை அவர் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். மறைக்காமல் சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். மேடம் மட்டும் கடந்து போகையில் “சாப்டியா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். சாப்பிடவில்லை. முடிவு வர எட்டு நாள் ஆகுமாம். சுருளை மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை.

அங்கீகாரம் இருக்கிறதோ இல்லையோ, இன்று வகுப்பு நடந்தது. முறிந்த கைக்குக் கட்டுப் போடும் பயிற்சி. எனக்கு ஜோடி குள்ளி. என் வலது கையை மடக்கி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுற்றினாள். சுருக்கம் இல்லாத, புத்தகத்தில் இருப்பது போன்ற கட்டு. கொஞ்சம் இறுக்கம். நான் சொல்லவில்லை. மணி அடித்ததும் அவிழ்க்காமலே எழுந்து போய்விட்டாள். நானே அவிழ்த்துக்கொள்ளலாம். இன்னும் அவிழ்க்கவில்லை. அதனால்தான் கைபேசியில் பேசியே இதை எழுத வைக்கிறேன்.

அக்காவோ மாமாவோ, இதை யார் படித்தாலும் சரி, அம்மாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டுங்கள். சுருளிடம் நான் சொன்ன பொய்யை மட்டும் விட்டுவிடாதீர்கள்.