மோந்து பார்த்த தண்ணீர்

அதைப் பார்த்த உடனே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தோலுரித்த கோழியின் நிறம், உடம்பெல்லாம் கொழகொழ, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மிளகு. கழுத்தின் இரண்டு பக்கமும் செக்கச்செவேலென்று குஞ்சம் குஞ்சமாகச் சதை தொங்கியது. உள்ளே கிடக்க வேண்டியதை வெளியே எடுத்து மாட்டிக்கொண்டு நீந்துகிறது. இந்த லட்சணத்தில் சிரித்த வாய் வேறு.

"இன்னாய்யா இது, மீனா பல்லியா?"

"ஆக்ஸலாட்டல். தவளைக்கு சொந்தம், தண்ணிலயே கெடக்கும்" என்றார் என் வீட்டுக்காரர் பீம்ராவ். கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவர். கண்ணாடித் தொட்டியை ஒரு கையிலும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். கொளத்தூர் மீன் கடைக்காரர் ஞானதுரை, இப்போது தொட்டியை மட்டும் கொண்டுபோங்கள், தண்ணீர் பக்குவமான பிறகு ஜந்துவை வாங்கிக்கொள்ளலாம் என்று படித்துப் படித்துச் சொன்னாராம். இவர் கேட்டால்தானே.

வாசலிலேயே வைத்துக் கத்தியிருப்பேன். அதற்குள் எங்கள் மகள் சங்கமித்ரா பாயிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். பையை உற்றுப் பார்த்தவள், "நைனா, குல்ஃபி மாறியே கீது" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது. வந்த கத்தலை விழுங்கிக்கொண்டேன்.

பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு இந்த ஒரு வருடத்தில் இரண்டு முறை மஞ்சள் காமாலை. இன்னொரு முறை வந்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து என் நாத்தனார் இந்திராணி என்னை விடவில்லை. அவள் ஆவடியில் இருக்கிறாள். சொந்தக் கிணறு. "வூட்ட சுத்தமா வெச்சிருந்தா புள்ளைக்கு இன்னாத்துக்குக் காமாலை வருது? ஞாயித்துக்கிழம வந்து கூட்டிகினு பூடுவேன். இங்கியே ஸ்கூல்ல சேத்துக்குறேன்" என்று போனில் தீர்ப்பு சொல்லிவிட்டாள். பீம்ராவ் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை போகும் முன் ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று ஓடினார், அவ்வளவுதான்.

சுத்தத்தைப் பற்றி என்னிடம் பேசுகிறாள்! எர்ணாவூரில் எங்கள் தெருவில் போய்க் கேட்டுப் பாருங்கள். சுற்றிலும் ஃபாக்டரி. கொடியில் போட்ட துணியில் சாம்பல் விழும், ஜன்னலைத் திறந்தால் ஒருநாள் கந்தக நெடி, ஒருநாள் மூத்திர நெடி. அந்தக் காற்றில் இருந்துகொண்டு நான் தரையை இரண்டு வேளை துடைக்கிறேன். கெட்டது எதுவானாலும் என் மூக்குக்கு முதலில் தெரிந்துவிடும். தெருக்குழாயில் மாட்டிய அடிபம்பில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும்போது முதலில் வருவது நாறும். அதை அப்படியே சாக்கடையில் விட்டுவிடுவோம். பிறகு கீழ்வீட்டுக் குப்பம்மா ஒரு சொம்பில் பிடித்து என்னிடம் நீட்டுவாள். "மோந்து பாரு குழலி." நான் மோந்து பார்த்து "புடிங்க" என்ற பிறகுதான் தெருவே குடத்தை வைக்கும். குடிப்பதற்குக் கேன் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் இந்தத் தண்ணீர். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

சங்கமித்ரா குல்ஃபி என்றே பெயர் வைத்துவிட்ட ஜந்துவைக் கடைத் தண்ணீரோடு ஒரு பெயிண்ட் வாளியில் விட்டோம். அது மண்புழு தின்னுமாம். என் தயிர் டப்பாவில் ஈர மண்ணைப் போட்டு, நெளிகிற புழுக்களை வைத்து, அதை என் சமையல் மேடையிலேயே வைத்தார் மனிதர். தண்ணீர் சூடாகக் கூடாதாம், அதற்கு என் ஃப்ரீஸரில் ஐஸ் பாட்டில்கள். மீன் பொரித்த சட்டியைக்கூட ராத்திரி வைத்திருக்காத வீட்டில், புழுவை இரண்டாக நறுக்கி இடுக்கியில் தூக்கிக் காட்டினாள் என் பெண். அது வாயை அகலத் திறந்து லபக்கென்று இழுத்தது. பாதிப் புழு வெளியே துடித்துக்கொண்டிருந்தது.

தொட்டியைக் கழுவி, மணல் அலசிப் போட்டு, குடத்துத் தண்ணீரை நான்தான் ஊற்றினேன். ஞானதுரை கொடுத்திருந்த பெட்டியில் இரண்டு சின்னக் கண்ணாடிக் குழாய்களும் இரண்டு மருந்துப் புட்டிகளும் நிறம் பார்க்க ஓர் அட்டையும் இருந்தன. தொட்டித் தண்ணீரைக் குழாயில் எடுத்து மருந்தைச் சொட்டு விட்டுக் குலுக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் நல்லது, பச்சையானால் மூத்திர நெடி அடிக்கிற அமோனியா இருக்கிறது, ஜந்து செத்துவிடும். என் வீட்டில் மஞ்சள் நல்ல நிறமாக இருந்தது அந்த அட்டையில் மட்டும்தான்.

சங்கமித்ரா குலுக்கினாள். கரும்பச்சை.

"யம்மா, தொட்டிய சோப்பு போட்டுக் கழுவுனியா?"

எனக்குச் சுருக்கென்றது. அத்தையின் குரல் மகளின் வாயில் கேட்டது. "நான் கழுவுனதுல நொள்ள சொல்றியா?" என்று தொட்டியைக் கவிழ்த்தேன். மணலைக் கொட்டிவிட்டு, முழங்கை வலிக்கத் தேய்த்து, மறுபடி நிரப்பினேன். பச்சை. இன்னொரு முறை கழுவினேன். பச்சை.

"மருந்தே டுபாக்கூர்டி. ஏமாத்திட்டான் உங்க நைனாவ. குடத்துத் தண்ணிய நேரா ஊத்திப் பாரு" என்றேன்.

ஊற்றினாள். முன்னதைவிடக் கரும்பச்சை. பிறகு அவளாகவே கேன் தண்ணீரில் பார்த்தாள். எலுமிச்சை மஞ்சள். மருந்தில் கோளாறு இல்லை.

நான் குடத்துக்குள் தலையை விட்டு இழுத்து மோந்து பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. வருடக்கணக்காக அந்த நெடியைக் காற்றிலேயே இழுத்துக்கொண்டிருக்கிற மூக்கு, தண்ணீரில் எங்கே கண்டுபிடிக்கப் போகிறது?

சங்கமித்ரா ஞானதுரைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். "எங்கியோ சாக்கடை கலக்குதும்மா. பம்ப் அடிச்சதும் நாத்தம் வரும்ல?" என்று கேட்டார்.

"வரும். அத வுட்ருவோம்" என்றேன் நான்.

"நாத்தம் பூடுது. சாக்கடை எங்க பூடும்?"

காமாலை கெட்ட தண்ணீரில்தான் வரும் என்று டாக்டர் சொன்னது போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. குழம்பு கொதித்துவிடுகிறது, குடிப்பது கேன். ஆனால் கீரை அலசியது இந்தத் தண்ணீர். கொத்தமல்லி, தட்டு, டம்ளர், எல்லாம். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு வாய் கசக்கிறதென்று கொப்புளிக்கக் கொடுத்ததும் இதுதான். இத்தனை நாளும் ஊரான் சாக்கடையில் என் வீட்டைப் பளபளவென்று கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் மோந்து பார்த்துத் தெருவுக்கே ஊற்றியிருக்கிறேன். அந்த வாளியில் கிடந்த கொழகொழ ஜந்து அப்போது எனக்கு அருவருப்பாகவே இல்லை. என் கைதான் அருவருப்பாக இருந்தது. புடவையில் துடைத்தேன். புடவையும் அதில் துவைத்ததுதான்.

குப்பம்மாவையும் கூட்டிக்கொண்டு தண்ணீர் ஆபீசுக்குப் போனேன். குழாயும் சாக்கடையும் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன, ரோட்டைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும், ஆர்டர் வரட்டும் என்றார்கள். எப்போது என்று கேட்டதற்கு சீட்டில் இருந்த ஆள் என் தலைக்கு மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை இந்திராணி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேன் தண்ணீர் நிரப்பிய தொட்டியும் அதற்குள் அந்த ஜந்துவும் அவள் கண்ணில் பட்டுவிட்டன.

"த்தூ, இன்னாடி இது? இந்தக் கலீஜ வூட்ல வெச்சுகினா புள்ள எப்பிடித் தேறும்?"

இரண்டு கண்ணாடிக் குழாய்களை அவள் முன்னால் வைத்தேன். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். எது எந்தத் தண்ணீர் என்று சங்கமித்ரா விளக்கினாள். பச்சைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்த இந்திராணி, மெல்ல அதைக் கீழே வைத்தாள்.

"உன் மேல தப்பு இல்ல குழலி. நான் பேசுனத மனசுல வெச்சுக்காத."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் தரையைத் தேய்த்திருப்பேன். ஜெயித்துவிட்டேன். என் வீடு சுத்தம்தான். தப்பு என் கையில் இருந்திருந்தால் திருத்திக்கொண்டு பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பேன். ரோட்டுக்கு அடியில் இருப்பதை எந்தத் துடைப்பத்தால் கூட்டுவது?

அலமாரிக்குப் பக்கத்தில் கட்டி வைத்திருந்த பையை எடுத்து இந்திராணியிடம் கொடுத்தேன். முதல் நாள் சாயங்காலமே சங்கமித்ராவின் துணிகளை அடுக்கிவிட்டிருந்தேன். எல்லாவற்றையும் கேன் தண்ணீரில் ஒருமுறை அலசிக் காயவைத்து.

"நான் போவல" என்றாள் சங்கமித்ரா.

"போ" என்றேன்.

இப்போது மண்புழுவை நான் நறுக்குகிறேன். இன்னும் குமட்டுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கியில் நீட்டுகிறேன், அது லபக்கென்று இழுத்துக்கொண்டு சிரிக்கிறது. நேற்று சங்கமித்ரா வீடியோ காலில் வந்தாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியிருந்தது.

"குல்ஃபிக்குத் தண்ணி மாத்துனியாம்மா?"

"மாத்திட்டேன். கேன் தண்ணிதான்."

"பச்சையா வரலியே?"

"மஞ்சளா கீது."

போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தாள். பிறகு, "நீ எந்தத் தண்ணில வாய் கொப்புளிக்கிற?" என்று கேட்டாள்.

பின்னால் இருந்த பம்ப் தண்ணீர்க் குடம் தெரியாதபடி நான் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன்.