பத்துப் பேரோடு ஆடிய ஆட்டம்

பள்ளிகொண்டாக்காரர்களிடம் தோற்றுத் திரும்பிய மறுநாளே, இருதயராஜை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யக் கூட்டம் போட்டார் அப்துல் வஹீத் சாயபு. ஆம்பூரில் அவருடைய தோல் பதனிடும் கிடங்கில் வேலை செய்கிறவர்கள்தான் அந்தக் கால்பந்து அணி. அவர்களைப் பழக்குவதற்காகக் கோலார் தங்கவயலிலிருந்து சம்பளம் பேசி இருதயராஜை வரவழைத்தவரும் அவரே. அவர் வந்ததிலிருந்து அணி ஒரு ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை.

கிடங்கு முற்றத்தில் ஆட்டக்காரர்கள் கூடியிருந்தார்கள். இருதயராஜுக்கு யாரும் உட்கார இடம் விடவில்லை.

அணியின் கேப்டன் ஜான் பாஷா, சாயபுவின் அக்கா மகன், முதலில் பேசினான். "இன்னா கத்துக் குடுத்தாரு மாமூ இவரு? பகலெல்லாம் சுண்ணாம்புத் தொட்டியில நின்னுட்டு வர்றவங்கள சாயங்காலம் ஆத்து மணல்ல ஓட விடுறாரு. பந்தை நீட்டி அடிச்சா திட்டுறாரு. பக்கத்துல இருக்கிறவனுக்குக் குடு, குடுன்னு ஒரே பேஜாரு. முன்னெல்லாம் நாங்களே ஆடுனோம், ஜெயிச்சோம்."

"திமிரி ஊர்க்காரங்ககிட்ட ஜெயிச்சீங்க," என்றார் இருதயராஜ். "அவங்களுக்குப் பந்தே புதுசு."

நாலைந்து பேர் அடிக்க வருவதுபோல் அவரை நெருங்கினார்கள். சாயபு கையைக் காட்டி நிறுத்திவிட்டு, கோல் காக்கிற தனகோடியைப் பார்த்தார். பள்ளிகொண்டாவில் எல்லார் முன்னாலும் இருதயராஜிடம் வசவு வாங்கியவன் அவன்.

"நீ இன்னா சொல்ற?"

"எனக்கு இந்தாளப் புடிக்கல மொதலாளி. வாயத் தொறந்தா திட்டுதான். ஆனா முன்ன எம்மேல மழை மாதிரி பந்து வரும். இப்ப கம்மி. அதையும் சொல்லணும் இல்ல?"

பக்கத்தில் நின்றவன் அவனை முறைத்தான். சாயபு இருதயராஜிடம் சொன்னார்:

"வர்ற வாரம் வாலாஜாபேட்டைக்காரங்க வர்றாங்க. அதுலயும் தோத்தா அன்னிக்கே ரயிலேறிடணும்."

"சரி. ஆனா யாரு எங்க நிக்கணும்னு நான்தான் சொல்வேன். உங்க வூட்டுப் பிள்ளையா இருந்தாலும்."

சாயபுவின் முகம் கறுத்தது. "அந்த ஒரு ஆட்டத்துக்குத்தான்," என்று எழுந்து போய்விட்டார்.

ஆட்டத்தன்று பாலாற்றங்கரை மைதானத்துக்கு இருதயராஜ் வந்ததுமே கூட்டம் கூச்சலிட்டது. பின்னாலிருந்து யாரோ தோலிலிருந்து செதுக்கி எடுத்த சவ்வை அள்ளி அவர் முதுகில் எறிந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கண் ஜான் பாஷா மேலேயே இருந்தது. காலில் பட்ட பந்தையெல்லாம் அவன் தானே கொண்டுபோய்ப் பறிகொடுத்தான். வாலாஜாபேட்டைக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள்.

பாதி ஆட்டம் முடிந்ததும் இருதயராஜ் அவனைக் கூப்பிட்டார். "நீ பின்னால போய் நில்லு."

"நான் கேப்டன்."

"முன்னால நின்னு யாருக்கும் பந்து குடுக்க மாட்டேங்கிற. பின்னால நின்னு வர்றதையாவது தடு."

ஜான் பாஷா சட்டையைக் கழற்றி அவர் காலடியில் போட்டுவிட்டு வெளியேறினான். கூட்டம் அவனுக்குக் கை தட்டியது.

மிச்சமிருந்த பத்துப் பேருக்கும் இருதயராஜ் மேலும் ஆத்திரம், ஜான் பாஷா மேலும் ஆத்திரம். ஆனால் நீட்டி அடித்தால் முன்னால் ஓடிப் பிடிக்க இப்போது ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் பக்கத்தில் இருப்பவனுக்கே பந்தைத் தள்ளினார்கள். தனகோடி விழுந்து விழுந்து தடுத்தான். கடைசி நேரத்தில் ரஷீத் அஹமது என்கிறவன் ஒரு கோல் போட்டான். ஆட்டம் சமமாக முடிந்தது. ஜனங்கள் ரஷீதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்; போகிற வழியில் இருதயராஜைத் திட்டவும் மறக்கவில்லை.

சாயபு மைதானத்திலேயே நின்றார். ஜான் பாஷா அவரிடம் வந்தான். "ஜெயிக்கலையே மாமூ. இவர அனுப்பிடுங்க."

"தோத்தா போகணும்னுதான் சொன்னேன். தோக்கல," என்றார் சாயபு. "நடு ஆட்டத்துல என் டீமை விட்டுட்டுப் போனது அவரு இல்ல, நீ."

பிறகு இருதயராஜ் பக்கம் திரும்பினார். "பக்ரீத் வரைக்கும் இரு. உம்மேல இஷ்டப்பட்டுச் சொல்லல."

இருதயராஜ் நன்றி சொல்லவில்லை. "நாளைக்கு ஓட்டம் இருக்கு. இவனும் வரணும்," என்றார்.

மறுநாள் ஜான் பாஷா வந்தான். நேராகப் பின்வரிசையில் போய் நின்றான். முதலில் வந்த பந்தைப் பக்கத்தில் நின்றவனுக்கே கொடுத்தான், அவன் முழங்கால் வீங்குகிற மாதிரி அடித்து. அடி வாங்கியவன் அவனைத் திட்டினான்.

"இன்னும் மெதுவா," என்று கத்தினார் இருதயராஜ். "மறுபடியும் குடு."