ராபியாவுக்கு ஒரு தூண்டில்

கல்யாணமாகி நாலு மாதம் ஆன பிறகும் ராபியா அந்த வீட்டில் விருந்தாளி மாதிரிதான் இருந்தாள். கேட்டால் பதில் சொன்னாள். வேளைக்கு ஆக்கிப் போட்டாள். ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கௌஸ் மைதீனுக்கு அது ஆறாத வருத்தம். பழவேற்காட்டுக் கோட்டையில் இருந்த ஒல்லாந்துக்காரர்களுக்குத் துணி பார்த்து வாங்கிக் கொடுக்கும் தரகன் அவன். ஒரு முழுச் சுருளில் ஓர் இழை அறுந்திருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லிவிடுவான். இந்தப் பெண்ணுக்கு என்ன குறை என்று மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. அவனுடைய தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்து வருஷமாகியிருந்தது. அத்தனை பெரிய வீட்டில் அவளும் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

ஒரு நாள் பிற்பகல் அசர் தொழுதுவிட்டு நேராக வீட்டுக்கு வந்தவன், தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஊர்ல இருக்கசொல்ல உனக்குப் பொழுது எப்படிப் போவும்?"

அவள் ஊர் திருப்பாலைவனம். வண்டி கட்டினால் அரைப் பொழுதுப் பயணம். சுற்றிலும் நெல் வயல், நடுவில் ஒரு நல்ல தண்ணீர் ஏரி.

"வாப்பா சாயத்துக்கு அவுரி ஊறப்போட்டுட்டு ஏரிக்கரையிலேயே இருப்பாரு. நானும் கூடப் போவேன்" என்றாள். பிறகு ஏதோ தப்பை ஒப்புக்கொள்வதுபோலக் குரலைத் தணித்து, "தூண்டி போடுவேன்" என்றாள்.

"குழம்புக்கா?"

"குழம்புக்குன்னா வலைக்காரங்ககிட்ட வாங்கிடலாமே. இது சும்மா, ஆசைக்கு. பெருசா மாட்டுனா ஊட்டுக்கு எடுத்துக்கினு போவோம். சின்னதை ஏரியிலேயே வுட்டுருவேன். மாட்டுன உடனே கையில ஒரு துடிப்பு தெரியும் பாருங்க..."

சொல்லிக்கொண்டே வலது கையை மெல்ல உயர்த்தினாள். இல்லாத கோல் ஒன்று அந்தக் கையில் வளைந்தது. சட்டென்று கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தத் தூண்டி இப்ப எங்க?"

"கல்யாணம் ஆன பொண்ணுக்கு எதுக்குன்னு வாப்பா யாருக்கோ குடுத்துட்டாரு."

இவ்வளவு நீளமாக அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அன்றே கௌஸ் மைதீன் தீர்மானித்துவிட்டான், இவளுக்கு நல்லதாக ஒரு தூண்டில் வாங்க வேண்டும் என்று. துணியைத் தவிர வேறெதையும் பார்த்து வாங்கத் தெரியாதவன் அவன். அதனால் விசாரிக்கக் கிளம்பினான்.

முதலில் கரையோரக் குப்பத்துக்கு, வரதனிடம் போனான். வரதன் கடலிலும் காயலிலும் ஒரே அளவு பேர் எடுத்த செம்படவன். வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தவன், விஷயத்தைக் கேட்டதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"சும்மா மீன் புடிக்கவா? மரைக்காயரே, மீன் புடிக்கிறதுன்னா நாங்க இடுப்பொடிஞ்சு போறோம். சும்மாவும் புடிக்கிறாங்களா யாராச்சும்?"

"என் ஊட்டுக்காரி புடிப்பா, வரதா."

அவன் சொன்ன விதத்தைப் பார்த்து வரதன் சிரிப்பை நிறுத்தினான். குடிசைக்குள் போய், சுண்டுவிரல் அளவுக்கு ஒரு முள்ளும், கீல் பூசிய முரட்டுச் சணல் கயிறும், நெல்லிக்காய் பருமனில் ஓர் ஈயக்குண்டும் கொண்டுவந்து கொடுத்தான். "கொடுவா மாட்டினாலும் இது அறுவாது. கயிறு கெட்டியா இருந்தா போதும், மத்ததெல்லாம் அப்புறம்" என்றான்.

அடுத்தது ஜான். கோட்டையில் பீப்பாய் செய்யும் ஒல்லாந்துக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் அகழிக்கரையில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, அதில் தேங்கிய மழைத் தண்ணீரில் தூண்டில் போட்டபடி உட்கார்ந்திருப்பான். பத்து வருஷத்தில் தமிழை வளைத்து வைத்திருந்தான்.

"கயிறு கெட்டியா? தப்பு. ரொம்பத் தப்பு" என்று தலையை ஆட்டினான். "மீனுக்குக் கண்ணு இருக்குது. கயிறு தெரியக் கூடாது. கோலு முனை புல்லு மாதிரி ஆடணும்." இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் தன் பழைய கோல் ஒன்றையும், குதிரைவால் மயிரை முறுக்கிய நூலையும், மயிலிறகுத் தண்டில் செய்த மிதவையையும் எடுத்துக் கொடுத்தான். விலை பேச வந்தவனிடம், "பொஞ்சாதிக்குத்தானே? போ, போ" என்று கையை வீசினான்.

இரண்டு பேருமே தொழில் தெரிந்தவர்கள். யாரை விடுவது? கௌஸ் மைதீன் யாரையும் விடவில்லை. ஜானின் கோலில் ஜானின் நூலைக் கட்டி, அது அறுந்துவிடுமே என்று வரதனின் கயிற்றை அதோடு முடிந்து, அதன் நுனியில் அந்தப் பெரிய முள்ளையும் ஈயக்குண்டையும் தொங்கவிட்டு, நடுவில் மயிலிறகையும் செருகினான். ஒரு பழைய சால்வையில் சுற்றி வண்டியில் வைத்தான். "வாப்பாவைப் பாத்துட்டு வரலாம், கிளம்பு" என்றுமட்டும் அவளிடம் சொன்னான்.

தை மாதம். ஏரி கரை தொட்டுக் கிடந்தது. மாமனார் அப்துல் ஹையிடம் சலாம் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் அவளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போய், கருவேலமரத்தடியில் சால்வையைப் பிரித்தான்.

ராபியா பார்த்தாள். முள்ளைத் தூக்கிப் பார்த்தாள். ஈயக்குண்டின் கனத்தில் கோலின் முனை தரையைத் தொட்டது. மயிலிறகு கவிழ்ந்து தொங்கியது. முக்காட்டை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"யாரு கட்டுனது இத்த?"

"நான்தான்" என்றான். காது சிவந்துவிட்டது. "ரெண்டு பேருகிட்ட யோசனை கேட்டேன்."

"எந்த மீனுக்குன்னு கேட்டாங்களா?"

கௌஸ் மைதீன் யோசித்தான். யாரும் கேட்கவில்லை. அவனுக்கும் அது தோன்றவில்லை.

"கெண்டைக்கு வாய் சின்னது. நூல் மெலிசா, முள்ளு எள்ளாட்டம் இருக்கணும். விரால் அப்படி இல்ல. ஒரே இழுப்பா இழுத்துக் கோரைக்குள்ள பூந்துரும். அதுக்குக் கோலு விறைப்பா வேணும். முதல்ல மீனு, அப்புறந்தான் தூண்டி."

அவன் கட்டிய முடிச்சுகளையெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். ஒன்றையும் குறை சொல்லவில்லை. "கோலு ரொம்ப நல்லாருக்கு. கெண்டைக்கு இதான் சரி" என்று ஜானின் கோலைத் தடவிக் கொடுத்தாள். தையல் ஊசி ஒன்றை வீட்டு அடுப்பில் பழுக்கக் காய்ச்சி வளைத்து வந்து அதற்கு முள்ளாக்கினாள். கரைமேலிருந்த மூங்கில் புதரில் ஒரு கழியை வெட்டச் சொன்னாள். வரதனின் முள்ளை அதற்கு எடுத்து வைத்துக்கொண்டாள். கயிறுதான் இடித்தது. சணல் தண்ணீரில் ஊதிவிடும், குதிரை மயிர் விராலுக்குத் தாங்காது.

"நூல்தானே?" என்றான் கௌஸ் மைதீன். வண்டிப் பெட்டியில் மாதிரிக்கு வைத்திருந்த பட்டு நூல் கண்டை எடுத்து வந்தான். விரலில் ஓட்டிப் பார்த்து, நெளிவு இல்லாத இழைகளாகப் பிரித்து, மூன்று புரியாக முறுக்கத் தொடங்கினான். ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள், மறுமுனை அவன் கையில். முறுக்க முறுக்க நூல் குறுகி, இரண்டு பேரும் ஒருவரை நோக்கி ஒருவர் நகர்ந்து வந்தார்கள். மெழுகு தேய்த்து முடித்தபோது அவள் நூலைச் சுண்டி இழுத்துப் பார்த்தாள்.

"ஊர்ல யார்கிட்டயும் இப்படி நூல் இருந்ததில்ல" என்றாள்.

அவனுக்கு வேறெதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சோற்றை உருட்டி அவனுக்குக் கெண்டைத் தூண்டிலில் மாட்டிக் கொடுத்தாள். அவள் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு, சின்னத் தவளை ஒன்றை முள்ளில் கோத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோரை ஓரமாகத் தவளையைத் தண்ணீர்மேல் தத்த விட்டு, நிறுத்தி, மறுபடியும் தத்த விட்டாள். மூன்றாவது தடவை தண்ணீர் வெடித்தது. அவள் உடனே இழுக்கவில்லை. உதடு அசைய ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பிறகு கழியை ஒரே வெட்டாக மேலே தூக்கினாள். பட்டு நூல் விண்ணென்று நின்றது. மூங்கில் வளைந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் கரையில் வந்து விழுந்தது. முக்காடு தோளில் சரிந்ததுகூடத் தெரியாமல் அவள் நின்றாள். தன் மனைவி எத்தனை இளமையானவள் என்று அப்போதுதான் அவன் முதன்முதலாகப் பார்த்தான்.

அவனுக்கு இரண்டு மணி நேரம் ஒன்றும் சிக்கவில்லை. பொறுக்காமல் சோற்றுருண்டைக்குப் பதிலாக மண்புழுவை மாட்டி, தரை தொட இறக்கிவிட்டான். மிதவை முழுகியது. "வந்துச்சு, வந்துச்சு!" என்று கூவி இழுத்தான். கறுப்பாக, மீசையோடு ஒன்று புல்லில் துள்ளியது.

"தொடாதீங்க! தேளி அது! முள்ளுல விஷம்!"

அதற்குள் பிடித்துவிட்டான். உள்ளங்கையில் நெருப்பு வைத்ததுபோல ஆயிற்று. கை மணிக்கட்டுவரை வீங்கியது. ராபியா கழியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, அவன் கையை மடியில் வைத்து, குத்திய இடத்தைப் பிதுக்கி ரத்தத்தை விட்டாள். வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சுடுதண்ணீரில் கையை முக்கி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"இதுக்கு எதுக்குடி அழுவுற? மீனு புடிச்சேன் இல்ல?"

"புடிச்சீங்க, புடிச்சீங்க. பெரிய மீனுதான்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மதியம் விரால் குழம்பு. வலது கையால் ஒரு பருக்கையும் எடுக்க முடியவில்லை. இடது கையை நீட்டியவனைத் தடுத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து, முள் பார்த்துச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். இரண்டு வாய்க்கு ஒருதரம், "வலிக்குதா?" என்று கேட்டாள். வலி குறைந்துவிட்டிருந்தது. அவன் "கொஞ்சம்" என்றான்.

மறுநாள் அவன் கோட்டைக்குத் திரும்பித் துணி பார்த்தாக வேண்டும். வண்டிக்காரனிடம், கை வீங்கி இருப்பதாகவும், விரலால் இழை பார்க்க இன்னும் மூன்று நாளாவது ஆகும் என்றும் சொல்லியனுப்பினான். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. உள்ளே ராபியா, விடிந்ததும் போட வேண்டிய தூண்டிலுக்கு இன்னும் மெலிசாக ஒரு ஊசியைத் தேடிக்கொண்டிருந்தாள்.